சார்ஜ்னா பாரம் ஏத்துறது: ஆபீஸ் இங்கிலீஷ்ல இத எப்படி யூஸ் பண்றது

பஸ் சார்ஜ், போன் சார்ஜ்னு தினமும் வாயில வர்ற வார்த்தைதான், ஆனா அதுவே இன்வாய்ஸ்ல ஒரு அர்த்தம், பேங்க் லெட்டர்ல வேற அர்த்தம்னு வரும்போது குழம்பிடுறோம். தனித்தனியா மனப்பாடம் பண்ண வேணாம். பழைய பிரெஞ்சுல வண்டியில பாரம் ஏத்துறதுக்கு சொன்ன வார்த்தை இது. தமிழ்லயும் அதே கணக்குதான் பாருங்க, போன்ல சார்ஜ் ஏறுது, ஒருத்தர் மேல குற்றம் சுமத்துறோம், பொறுப்புங்கற வார்த்தையே தாங்குறதுன்னு அர்த்தம் வர்ற "பொறு"லேர்ந்து வந்ததுதான். எனக்கு இது புரிஞ்சப்புறம் அந்தக் குழப்பமே போயிடுச்சு.

மெயில்ல தப்பு வர்றது பெரும்பாலும் கூட ஒட்டுற சின்ன வார்த்தையிலதான். டெலிவரிக்கு காசு வாங்குறீங்கன்னா "வி சார்ஜ் 500 ருபீஸ் ஃபார் டெலிவரி"னு ஃபார் போடுங்க. "சார்ஜ் வித்"னு தொகையை எழுதிடாதீங்க, ஒருத்தர சார்ஜ் வித்னா அவர் மேல கேஸ் போடுறது இல்லன்னா ஒரு வேலைய அவர் தலையில வைக்கிறது. எந்தக் கணக்குல எழுதணும்னு சொல்லும்போது டு: "ப்ளீஸ் சார்ஜ் இட் டு அவர் அக்கவுண்ட்".

இன்னொன்னு, "இன் சார்ஜ் ஆஃப்"னா அவங்கதான் பொறுப்பாளர், நடுவுல ஒரு "தி" போட்டு "இன் தி சார்ஜ் ஆஃப்"னு எழுதினா அப்படியே தலைகீழ், அவங்க இன்னொருத்தர் பொறுப்புல இருக்காங்கன்னு ஆயிடும். ஸ்டோர்ஸ் மேனேஜரைப் பத்தி எழுதும்போது இத ஒரு தடவை செக் பண்ணிக்கோங்க. இலவசம்னா ஃப்ரீ ஆஃப் சார்ஜ், அதுல குழப்பம் இல்ல.

அக்கவுண்ட்ஸ்காரங்க டிப்ரிசியேஷன, அதாவது மெஷின் மாதிரி பொருளோட தேய்மானத்த, "பி அண்ட் எல்ல (லாப நட்டக் கணக்குல) சார்ஜ் பண்ணியாச்சு"ன்னா யாருக்கும் காசு போகல, அந்த வருஷ லாபத்து மேல செலவ ஏத்திட்டாங்க, அவ்ளோதான்.

ரொம்ப கவனமா பாக்க வேண்டியது பேங்க் சொல்ற சார்ஜ். "சார்ஜ் ஆன் அசெட்ஸ்"னு பாத்துட்டு ஏதோ பீஸ் கேக்குறாங்கன்னு நினைச்சிடாதீங்க, அது கடனுக்காக சொத்து மேல ஏத்துற பாரம், நிலத்துக்கு வில்லங்கம்னு சொல்றோம்ல, அந்த மாதிரி. மெஷின், பில்டிங்னு குறிப்பிட்ட பொருள் மேலன்னா ஃபிக்ஸட் சார்ஜ், தினமும் மாறிட்டே இருக்குற சரக்கு மாதிரி மொத்தமா ஒரு வகை மேலன்னா ஃப்ளோட்டிங் சார்ஜ். 2013 கம்பெனிகள் சட்டம் 77வது பிரிவுப்படி கம்பெனி இத 30 நாளுக்குள்ள கம்பெனிப் பதிவாளர்கிட்ட பதியணும், எம்சிஏ (மத்திய கம்பெனி விவகார அமைச்சகம்) சைட்ல யாரு வேணா பாக்கலாம். கடன் முடிஞ்சா "சேட்டிஸ்ஃபாக்ஷன் ஆஃப் சார்ஜ்"னு சிஹெச்ஜி-4 ஃபார்ம் போடணும், இங்க சேட்டிஸ்ஃபாக்ஷன்னா திருப்தி இல்ல, கடன் தீந்துச்சுன்னு அர்த்தம். அத போடாம விட்டா அடுத்து லோன் கேக்கப் போற பேங்க்குக்கு பழைய பாரம் இன்னும் இறங்காத மாதிரியேதான் தெரியும்.