டைகாஸ்ட் பீட்டிலை 1956 வண்டியாக மாற்றுவது எப்படி?

நிஜ வண்டியில் பதினெட்டில் ஒரு பங்கு அளவுள்ள (1:18), உலோக வார்ப்பான (டைகாஸ்ட்) ஃபோக்ஸ்வாகன் பீட்டில் மாடல் காரைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் பிரஷ்ஷைத் தேடிக் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். இது எந்த வருடத்து வண்டி என்று முதலில் முடிவாக வேண்டும். வெளித்தோற்றம் மாறாதது போலத் தெரிந்தாலும், ஃபோக்ஸ்வாகன் சின்னச் சின்ன மாற்றங்களைச் செய்துகொண்டேதான் இருந்தது.

படி 1: ஜாதகம் பாருங்கள்

பின்பக்கக் கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டாக இருந்தால், அது 1953 மார்ச்சுக்கு முந்தைய வண்டி. முட்டை வடிவில் ஒற்றைக் கண்ணாடி என்றால் 1953 முதல் 1957 வரை. அதன்பின் அகலமான கண்ணாடி வந்துவிட்டது. நாம் எடுத்துக்கொள்வது ஐரோப்பியச் சந்தைக்கான 1956 மாடல். ஆகவே முட்டைக் கண்ணாடி, இரண்டு சைலன்சர் குழாய்கள். முன் மட்கார்டு மேல் இண்டிகேட்டர் விளக்கு இருக்கவே கூடாது.

ஸ்கேலால் நீளத்தையும் அளந்துவிடுங்கள். நிஜ வண்டி சுமார் 4.07 மீட்டர், மாடல் 22.6 செ.மீ. அருகில் வர வேண்டும்.

படி 2: பிரித்துக் கழுவுதல்

அடித்தட்டு ஸ்க்ரூக்களைக் கழற்றி, பாடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். கைப்பிசுக்கு இருந்தால் பெயின்ட் ஒட்டாது.

படி 3: கோடுகளுக்கு வாஷ்

வாஷ் என்றால் நீர்த்த பெயின்ட்டைக் கதவிடுக்குக் கோடுகளில் ஓடவிடுவது. வண்டிக்கு உயிர் வருவது இங்கேதான். எனாமல் பெயின்ட்டில் டர்பன்டைன் கலந்து டீ டிகாஷன் போல நீர்க்க வையுங்கள். கறுப்பு வேண்டாம், கதவைக் கரியால் வரைந்த மாதிரி ஆகிவிடும். சாம்பல் நிற வண்டிக்கு அடர் சாம்பல், பழுப்பு வண்டிக்கு அடர் காப்பி நிறம். நுனி பிரஷ்ஷால் கதவிடுக்கில் ஒரு புள்ளி தொட்டால் போதும், கோடு முழுக்கத் தானே ஓடும். கால் மணி நேரம் கழித்து, டர்பன்டைனில் லேசாக நனைத்த காது பட்ஸால் கோட்டுக்குக் குறுக்காகத் துடையுங்கள். கோட்டோடு சேர்த்து இழுத்தால் உள்ளே இருப்பதும் வந்துவிடும்.

முதலில் அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சோதித்துப் பாருங்கள். என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட்டுக்கான தின்னரைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள். பாடி பெயின்ட்டையே உரித்துவிடும்.

மட்கார்டு பாடியோடு சேரும் இடத்தில் இருப்பது இடுக்கு அல்ல, பீடிங் எனும் மெல்லிய பட்டை. அங்கே வாஷை வழிய விடக் கூடாது.

படி 4: கைகாட்டி

கதவுக்குப் பின்னுள்ள தூணில் ஒரு செங்குத்துப் பள்ளம் தெரிகிறதா? வண்டி திரும்பும்போது அதிலிருந்துதான் கைகாட்டி வெளியே நீளும். பலரும் இதற்கு ஆரஞ்சு அடித்துவிடுகிறார்கள். மூடியிருக்கும்போது ஆரஞ்சுப் பகுதி உள்ளே போய்விடும். வெளியே தெரிவது பாடி நிற மேல்தகடு மட்டுமே. எனவே சுற்றிலும் மெல்லிய வாஷ் கோடு போதும். ஒன்றும் செய்யாமல் விடுவதுதான் சில நேரம் அசலுக்கு நெருக்கம் என்பது என் கட்சி.

படி 5: குரோம்

பக்கவாட்டுப் பட்டைக்குச் சுயமாக ஒட்டும் மெல்லிய குரோம் ஃபாயில். ஒட்டி, பல்குத்தும் குச்சியால் அழுத்தித் தேய்த்து, புது பிளேடால் ஓரம் வெட்டுங்கள். பழைய பிளேடு ஃபாயிலைக் கிழிக்கும். சைலன்சர் குழாய் நுனிக்குக் குரோம் பேனா, உள்ளே மட்டும் மங்கல் கறுப்பு.

படி 6: டயர்

ரோட்டில் படும் பகுதியை மட்டும் 600 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பைக் குறையுங்கள்.

ஒரு நாள் காயவிட்டு மாட்டலாம். ஸ்க்ரூவை விரல் நுனியால் முறுக்கினாலே போதும். மல்லுக்கட்டினால் உள்ளே பிளாஸ்டிக் மரை தேய்ந்துபோகும்.