ஆரம்ப சுகாதார நிலையத்தில் "மருந்து ஸ்டாக் இல்லை" என்றால்

சர்க்கரை மாத்திரை வாங்கப் போனால் ஒரு மாதத்துக்குப் பதில் பத்து நாளுக்குத்தான் கிடைக்கிறது, மீதியை வெளியே வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள் என்றால், மருந்து கொடுக்கும் ஊழியரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, பாவம், வந்ததைத்தான் அவர் கொடுக்க முடியும். மாத்திரையின் பெயர், தேதி, எத்தனை கொடுத்தார்கள் என்பதைச் சீட்டிலேயே குறித்துப் படம் எடுத்து வையுங்கள். 104-க்கோ (மருத்துவ உதவி எண்) 1100-க்கோ (முதல்வரின் உதவி மைய எண்) அழைத்துப் புகார் சொல்லி, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

அப்படியும் அசையவில்லையா, தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத் தாளில் மனு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பதிவுத் தபால், அவ்வளவுதான். ஆனால் "ஏன் மருந்து இல்லை?" என்று எழுதாதீர்கள், வழவழ பதில்தான் வரும். ஆவணத்தைக் கேளுங்கள்: அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கிடங்குக்கு இந்த நிலையம் அனுப்பிய தேவைப்பட்டியல், கிடங்கு கொடுத்த அளவு, இருப்புப் பதிவேட்டில் மெட்ஃபார்மின் (சர்க்கரை மாத்திரை) பக்கத்தின் நகல். கேட்டது குறைவா, கொடுத்தது குறைவா, வந்தது எங்கே போனது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

30 நாளில் பதில் இல்லையென்றால் முதல் மேல்முறையீடு, அப்புறம் மாநிலத் தகவல் ஆணையம். அங்கே இழுக்கும், சொல்லிவிடுகிறேன். அதற்குள் அடுத்த கிராம சபை வந்தால் மனுவின் நகலோடு போய், தீர்மானமாக எழுதவைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.