வருகையாளரின் கருத்தைக் கேட்டு வணிக இணையதளத்தைத் திருத்தும் முறை

இராமேசுவரத்தில் விடுதி நடத்துபவருக்கும், மண்டபத்திலிருந்து கருவாடு அனுப்புபவருக்கும், புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாயை விற்பவருக்கும் இன்று இணையதளம் தேவைப்படுகிறது. ஆனால் தளத்தைத் திறந்து பார்த்தவர் எதுவும் வாங்காமல் ஏன் போனார் என்பது உரிமையாளர் பலருக்குத் தெரிவதில்லை. அதை அறியும் வேலையைக் கருத்துப் படிவத்தில் தொடங்காமல், தொலைபேசியில் தொடங்குவதே நல்லது.

இரண்டு வாரங்களுக்கு, அழைப்புகளிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் கேள்விகளை, கேட்டவரின் சொற்களிலேயே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஸ்படிகலிங்க தரிசனத்துக்கு வசதியாக விடியுமுன் அறை கிடைக்குமா, வேன் நிறுத்த இடம் உண்டா, அக்னி தீர்த்தத்துக்கு நடந்தே போகலாமா என்று விடுதிக்காரரைக் கேட்பார்கள். நெத்திலி தலை நீக்கியதா, உப்பு தூக்கலாக இருக்குமா, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்திலும் சரக்கு அனுப்புவீர்களா என்று கருவாட்டு வியாபாரியைக் கேட்பார்கள். அப்போது, "எங்கள் இணையதளத்தைப் பார்த்தீர்களா?" என்று மட்டும் பணிவாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பார்த்த பிறகும் ஒருவர் அதே கேள்வியைக் கேட்கிறார் என்றால், பதில் தளத்தில் இல்லை, அல்லது கண்ணில் படும் இடத்தில் இல்லை. இந்த நோட்டைவிடப் பயனுள்ள கருத்துத் திரட்டு சிறு வணிகருக்குக் கிடைப்பது அரிது என்பதே என் உறுதியான எண்ணம்.

படிவம் அதற்குப் பிறகு வரட்டும். பக்கம் திறந்தவுடன் திரையை மறைத்துக்கொண்டு எழும் பெட்டி வேண்டாம். எதையும் பார்க்காதவரிடம் கருத்து கேட்பதில் பொருளில்லை. முன்பதிவு முடிந்த பக்கத்தில், "பதிவு செய்யும்போது எந்த இடத்தில் தடுமாறினீர்கள்?" என்றும், விலைப் பக்கத்தின் அடியில், "நீங்கள் தேடியது கிடைத்ததா?" என்றும் ஒரே ஒரு கேள்வி போதும். ஐந்து நட்சத்திரத்தில் மூன்று விழுந்தால் எதைத் திருத்துவது என்று தெரியாது. ஆகவே எழுதுவதற்கு ஒரு வெற்றுப்பெட்டி அவசியம். இராமேசுவரம் வடமாநில யாத்திரிகர்கள் மிகுதியாக வரும் ஊராதலால் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அதே கேள்வியை வையுங்கள். பெயரையும் எண்ணையும் கட்டாயமாக்காதீர்கள். பெற்றால், எதற்காகப் பெறுகிறீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள்.

சொல்லத் தெரியாத சிரமங்களும் உண்டு. அவற்றைப் பார்த்தே அறிய வேண்டும். தளத்தை முன்பின் பார்க்காத ஒருவரிடம், விலை குறைந்த கைப்பேசியைக் கொடுத்து, கடையின் வைஃபை இல்லாமல், "தை அமாவாசைக்கு இரண்டு பேருக்கு அறை பதிவு செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் பேசாமல் அமருங்கள். உதவி செய்யத் தோன்றும், செய்யக் கூடாது. இணையதளங்கள் பயன்படுத்த எளிதாக இருக்கின்றனவா என்று ஆராயும் பயன்பாட்டியல் ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் வலியுறுத்தியதுபோல, இப்படி ஐந்து பேரைப் பார்த்தாலே பெரும்பாலான சிக்கல்கள் வெளிப்பட்டுவிடும்.

கிடைத்தவற்றை எண்ணிக்கையை மட்டும் வைத்து வரிசைப்படுத்த வேண்டாம். பலர் நிறம் பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒருவர் மட்டும் பணம் செலுத்தும் பொத்தான் தன் கைப்பேசியில் தெரியவில்லை என்று எழுதியிருக்கலாம். முதலில் திருத்த வேண்டியது பொத்தானைத்தான். விற்பனையைத் தடுப்பது எதுவோ அது முன்னால், ரசனை பின்னால். சொன்னவர் தொடர்பு எண் தந்திருந்தால், திருத்தியதும் அவருக்கு ஒரு வரி எழுதித் தெரிவியுங்கள்.

ஒரு சமயத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, தேதியைக் குறித்துவையுங்கள். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் முன்பதிவு தானாகவே ஏறும் என்பதால், அந்த ஏற்றத்தை மாற்றத்தின் பலன் என்று எடுத்துக்கொள்ளாமல், சென்ற ஆண்டின் அதே அமாவாசைக் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும்.