அடி பலமாக விழுந்தும் ஏன் தோற்கிறோம்? பால்டர்ஸ் கேட் 3 சண்டைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோப்ளின் என்ற சின்ன அரக்கன் ஒன்றை முக்கால் உயிர் போகும்வரை அடித்துவிட்டு, அதை அப்படியே விட்டு அடுத்ததன் பக்கம் திரும்புவது. டர்ன் அடிப்படையிலான, அதாவது முறை வைத்து அடித்துக்கொள்ளும் போர்களில் புதிதாக விளையாடுகிறவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். பால்டர்ஸ் கேட் 3 போன்ற விளையாட்டில் 1 ஹெச்பி (உயிர்ப்புள்ளி) மிச்சம் இருக்கும் எதிரியும் முழு ஹெச்பியோடு நிற்கும் எதிரியும் ஒரே பலத்தோடுதான் அடிப்பார்கள். காயம்பட்டவனுக்குக் கை தளர்வதில்லை. செத்தால்தான் அவன் டர்ன் போகும்.

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். எதிரில் நான்கு கோப்ளின்கள், ஒவ்வொன்றுக்கும் 10 ஹெச்பி. உங்கள் குழுவிலும் நான்கு பேர். இரு தரப்பிலும் ஓர் அடிக்கு 5 சேதம், முதல் அடி உங்களுடையது. ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டு அடித்தால், சுற்று முடிவில் நான்கும் 5 ஹெச்பியோடு நிற்கும். நான்கும் திருப்பி அடிக்கும், உங்களுக்கு மொத்தம் 20 சேதம். அதையே இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து அடித்தால் இரண்டு கோப்ளின் காலி. மிச்சம் இருக்கும் இரண்டு மட்டும்தான் அடிக்கும், 10 சேதம். இரண்டு வழியிலும் சண்டை இரண்டாம் சுற்றிலேயே முடிந்துவிடுகிறது. கொடுத்த அடி ஒன்றுதான், வாங்கிய அடி மட்டும் பாதி.

2023 ஆகஸ்டில் லேரியன் ஸ்டுடியோஸ் வெளியிட்ட இந்த விளையாட்டு, டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு விதிகளைத் தழுவியது. ஒவ்வொருவருக்கும் ஒரு டர்னில் அடிப்பது போன்ற முக்கியச் செயலுக்கு ஓர் ஆக்‌ஷன், சிறு செயலுக்கு ஒரு போனஸ் ஆக்‌ஷன், பெரும்பாலும் 9 மீட்டர் நடை. இவ்வளவுதான் முதலீடு. யார் வாள் பெரியது என்பதைவிட, யார் பக்கம் அதிக டர்ன்கள் கிடைக்கின்றன என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. இந்தக் கண்ணோடு பார்த்தால், கீழே சொல்லப்போகும் தவறுகள் எல்லாமே டர்னை வீணடிக்கும் வெவ்வேறு வழிகள்தான் என்பது புரியும்.

ஆழம் தெரியாமல் காலை விடுவது

முதல் ஆக்டில் (கதையின் முதல் பகுதியில்) பாழடைந்த கிராமத்துக் கிணற்றுக்குள் இறங்கினால் ஒரு சிலந்திக் குகை வரும். அதன் அடியாழத்தில் தாய்ச் சிலந்தி ஒன்று இருக்கிறது. முதல் தடவை நான் அங்கே போனபோது நான்கு பேரும் ஒருவர் பின் ஒருவராக நடந்தே போனோம். அது கண்ணெதிரில் மறைந்து வேறோர் இடத்தில் தோன்றியது, நஞ்சைத் துப்பியது. முட்டைகளிலிருந்து குட்டிகள் வெளியே வந்தன. மூன்றாவது சுற்றில் என் மந்திரவாதி கீழே கிடந்தார். ஐந்தாவது சுற்றில் எல்லோரும்.

சேமித்த இடத்திலிருந்து மறுபடி லோடு செய்தபோது சண்டையைத் தொடங்காமல் மேலேயே நின்று ஐந்து நிமிடம் கேமராவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அந்தச் சிலந்தி நடமாடுவது கல்தரையில் மட்டும் அல்ல, இடைவெளிகளில் பாலம் போலக் கட்டிய வலைகளின் மேலும்தான். வலை நெருப்பில் எரியும். அது வலையின் நடுவில் வந்து நின்ற நேரம் பார்த்து, மறைவிலிருந்து நெருப்பு அம்பு ஒன்றை வலையில் விட்டேன். வலை அறுந்தது, சிலந்தி கீழே விழுந்தது. விழுந்த வேகத்திலேயே அதன் ஹெச்பியில் ஒரு நல்ல பங்கு போய்விட்டது. லெவல் அதேதான், ஆயுதமும் அதேதான். நான் செலவழித்தது ஓர் அம்பு.

அதனால் எதிரியைக் கண்டவுடன் ஓடாதீர்கள். அவன் மேல் கர்சரை வைத்து எக்ஸாமின் திறந்து பாருங்கள். எந்த வகைச் சேதம் அவனுக்கு உறைக்காது, எது அதிகமாக உறைக்கும் என்று அங்கேயே எழுதியிருக்கும். பிறகு சுற்றிலும் பாருங்கள்: பீப்பாய், எண்ணெய், தண்ணீர், விளிம்பு, உயரம். இந்த விளையாட்டை உருவாக்கியவர்கள் இடத்தையே ஆயுதமாக வடிவமைத்திருக்கிறார்கள். நனைந்தவன் மேல் மின்னலும் பனியும் இரட்டிப்புச் சேதம் தரும். ஒரு தண்ணீர்ப் புட்டியை எறிந்து நனைத்துவிட்டு அடுத்தவர் மின்னல் மந்திரத்தை (ஸ்பெல்) போட்டால் என்ன ஆகும் என்று ஒருமுறை செய்து பாருங்கள். ஆனால் நனைந்தவனை நெருப்பு அவ்வளவாகத் தாக்காது, இந்த வரிசையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பேச்சில் தொடங்கும் சண்டைகளிலும் இதே கவனம் வேண்டும். நான்கு பேரும் எதிரித் தலைவனைச் சூழ்ந்து நின்று பேசிக்கொண்டிருக்கும்போது சண்டை மூண்டால், ஒரே ஒரு ஃபயர்பால் (நெருப்புக்கோள மந்திரம்) எல்லோரையும் சேர்த்துக் கருக்கிவிடும். பேசப் போகும் முன் குழுவைப் பிரித்துவிடுங்கள், கீபோர்டில் ஜி. ஒருவர் மட்டும் முன்னே போய்ப் பேசட்டும். வில்லாளியும் மந்திரவாதியும் எட்ட, உயரமான இடத்தில் நிற்கட்டும். உயரத்திலிருந்து எய்தால், அடி படுமா என்று உருட்டும் பகடையில் 2 கூடும், தாழ்விலிருந்து மேலே எய்தால் 2 குறையும். 20 முகப் பகடையில் 2 என்பது பத்து சதவீதம்.

சிலர் எல்லாச் சண்டையும் போட்டே ஆக வேண்டும் என்று நினைக்கிறார்கள். அதே கிராமத்தில் ஒரு வீட்டுக்குள் மூன்று ஓகர்கள் (பெரும் அரக்கர்கள்) இருக்கின்றன. அவற்றில் ஒன்று நன்றாகவே பேசும். லெவல் 2, 3-இல் போய் மோதினால் ஓர் அடிக்கு ஓர் ஆள் விழுவார். பேசிச் சம்மதிக்க வைத்தால் ஊதி அழைக்க ஒரு கொம்பு தரும், வேண்டிய நேரத்தில் அவை உங்கள் பக்கம் வந்து சண்டை போடும்.

70 சதவீதத்தை நம்பி உட்காருவது

அடி படும் வாய்ப்பு 70 சதவீதம் என்று திரையில் காட்டியும் அடி தவறினால் கோபம் வருவது இயல்பு. ஆனால் 70 என்றால் பத்தில் மூன்று தவறும் என்றுதான் பொருள். தொடர்ந்து இரண்டு முறை தவற 9 சதவீத வாய்ப்பு இருக்கிறது. நீண்ட விளையாட்டில் அது அடிக்கடி நடக்கும். எனவே ஓர் அடியை நம்பித் திட்டம் போடாமல், அந்த எண்ணை உயர்த்தும் வேலையை முதலில் செய்யுங்கள்.

அட்வான்டேஜ் கிடைத்தால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். 60 சதவீதம் 84 ஆகிவிடும். டிஸ்அட்வான்டேஜ் என்றால் சிறியதைத்தான் எடுக்க வேண்டும், அதே 60 வெறும் 36 ஆகிவிடும். வில்லாளியின் கைக்கெட்டும் தூரத்தில் எதிரி வந்து நின்றுகொண்டால் நடப்பது இந்த இரண்டாவதுதான். பலர் அதைக் கவனிக்காமல் அப்படியே எய்துகொண்டிருப்பார்கள். இன்னும் சிலர் விலகி ஓடுவார்கள், ஓடும்போது முதுகில் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் (விலகுபவருக்கு எதிரி தரும் இலவச அடி) விழும். இரண்டும் வேண்டாம். போனஸ் ஆக்‌ஷனில் ஷோவ் போட்டு அவனைத் தள்ளிவிட்டால், நின்ற இடத்திலிருந்தே நிம்மதியாக எய்யலாம். பின்னால் பள்ளம் இருந்தால் எய்யவே தேவைப்படாது. மிஸ்டி ஸ்டெப் என்ற இடம்மாறும் மந்திரம் தெரிந்தவர் என்றால் அடி வாங்காமலே இடம் மாறிவிடலாம், அதற்கும் போனஸ் ஆக்‌ஷன் போதும்.

போனஸ் ஆக்‌ஷனைத் தொடாமலே டர்னை முடிப்பதும் பெரிய இழப்பு. குதிப்பது, தள்ளுவது, மருந்து குடிப்பது எல்லாம் அதில்தான் வருகின்றன. எண்ட் டர்ன் அழுத்தும் முன் கீழே பச்சை வட்டமும் ஆரஞ்சு முக்கோணமும் இன்னும் எரிகின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கான்சன்ட்ரேஷனை மறந்துபோவது

இந்தத் தவறில் இரைச்சல் இருக்காது, அதனால்தான் ஆபத்து. கிளெரிக் (பூசாரி வகுப்பினர்) முதல் டர்னில் பிளெஸ் என்ற ஆசி மந்திரத்தைப் போடுகிறார். மூன்று பேருக்கு ஒவ்வோர் அட்டாக் ரோலிலும் (அடிக்க உருட்டும் பகடை) சேவிங் த்ரோவிலும் (தாக்குதலைத் தாங்க உருட்டும் பகடை) ஒரு நான்முகப் பகடை கூடுகிறது, சராசரியாக 2.5. மிக நல்ல ஸ்பெல். அடுத்த டர்னில் முன்வரிசை வீரருக்கு அடி விழுகிறதே என்று அவர் ஷீல்டு ஆஃப் ஃபெய்த் என்ற காப்பு மந்திரத்தைப் போடுகிறார். அந்த நொடியே பிளெஸ் போய்விடுகிறது. இரண்டுமே கான்சன்ட்ரேஷன் (தொடர்ந்த மனக்குவிப்பு) கேட்பவை, ஒருவர் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடித்துவைக்க முடியும். ஒரு ஸ்பெல் ஸ்லாட்டும் (மந்திரம் போடும் ஒரு வாய்ப்பு) ஒரு டர்னும் சத்தமில்லாமல் கரைந்துவிட்டன.

ஸ்பெல் தயார் செய்யும்போதே இதை யோசித்துவிடுங்கள். கான்சன்ட்ரேஷன் கேட்பது ஒன்று, கேட்காதவை பல என்று கலந்து எடுப்பது நல்லது. மாய ஆயுதத்தை வரவழைக்கும் ஸ்பிரிச்சுவல் வெப்பன் கான்சன்ட்ரேஷன் கேட்காது, போனஸ் ஆக்‌ஷன்தான். எனவே பிளெஸ்ஸோடு ஒன்றாக ஓடும்.

அடி வாங்கினாலும் கான்சன்ட்ரேஷன் கலையலாம். 10 அல்லது வாங்கிய சேதத்தில் பாதி, இதில் எது பெரியதோ அதை கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) சேவிங் த்ரோவில் எட்ட வேண்டும். 12 சேதம் வாங்கினால் 10 போதும், 30 வாங்கினால் 15 வேண்டும். இந்த விதி எதிரிக்கும் உண்டு. எதிரி மந்திரவாதி உங்கள் ஆளை ஹோல்ட் பர்சனில் கட்டிப்போட்டிருந்தால், கட்டுண்டவரைக் காப்பாற்ற நினைப்பதைவிட அந்த மந்திரவாதியை அடிப்பதே வழி. மேஜிக் மிசைல் மந்திரம் ஒருபோதும் தவறாது, அதன் ஒவ்வோர் அம்பும் அவரது கான்சன்ட்ரேஷனைத் தனித்தனியாகச் சோதிக்கும்.

மருந்தைச் சேர்த்துவைப்பதும் ஓய்வுக்கு அஞ்சுவதும்

பையில் இருபது மருந்து, பதினைந்து ஸ்க்ரோல் (மந்திரச் சுருள்), விதவிதமான அம்புகள். எல்லாம் பின்னால் வரப்போகும் பெரிய சண்டைக்கு என்று பொத்திவைத்துக்கொண்டு, இன்றைய சண்டையில் தோற்பவர்கள் நிறைய. இந்த விளையாட்டில் ஸ்க்ரோலை எந்த வகுப்பினரும் படிக்கலாம், போர்வீரரும் ஃபயர்பால் வீசலாம். சேர்த்தவை தீர்ந்தால் மேலும் கிடைக்கும், நம்பிச் செலவழியுங்கள்.

குணப்படுத்துவதிலும் ஒரு திருத்தம். ஒவ்வொரு டர்னும் ஹெச்பியை நிரப்பிக்கொண்டே இருப்பது பெரும்பாலும் பயனில்லாத வேலை. நீங்கள் 7 ஏற்றினால் எதிரி 12 இறக்குவான், அந்த ஆக்‌ஷனில் அவனையே முடித்திருக்கலாம். ஆள் கீழே விழுந்துவிட்டால் மட்டும் உடனே எழுப்புங்கள், அவர் டர்ன் திரும்பக் கிடைக்கிறதே. ஹீலிங் வேர்ட் மந்திரம் அதற்கென்றே இருப்பது போல: போனஸ் ஆக்‌ஷன், 18 மீட்டர் தூரத்திலிருந்தே எழுப்பும். அது இல்லையா, மருந்துப் புட்டியை அவர் அருகே எறியுங்கள், அதுவும் வேலை செய்யும்.

லாங் ரெஸ்ட் (முகாமில் இரவு உறக்கம்) எடுக்கப் பயப்படுவது தனிக் கதை. தலைக்குள் புழு இருக்கிறது, சில நாளில் அரக்கனாக மாறிவிடுவோம் என்று கதை மிரட்டுகிறது. அதைக் கேட்டுவிட்டு, ஸ்பெல் ஸ்லாட் எல்லாம் தீர்ந்த பிறகும் தூங்காமல் முன்னேறுகிறார்கள். உண்மையில் அப்படி ஒரு கடிகாரம் ஓடவில்லை. குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும்தான் நேரம் முக்கியம். வாக்கீன்ஸ் ரெஸ்ட் விடுதி தீப்பற்றி எரிவதைப் பார்த்த பிறகு தூங்கப் போனால் உள்ளே சிக்கியவர்கள் பிழைக்க மாட்டார்கள். மற்றபடி தாராளமாக ஓய்வெடுங்கள். சாதாரணக் கடினத்தில் ஓர் இரவுக்கு 40 கேம்ப் சப்ளை (முகாம் உணவு), டாக்டீஷியன் கடினத்தில் 80. கூட வருபவர்களின் கதையும் இரவு முகாமில்தான் விரிகிறது, தூங்காதவர்கள் அந்தக் காட்சிகளையே தவறவிடுகிறார்கள். நடுவில் இரண்டு ஷார்ட் ரெஸ்ட் உண்டு, ஒவ்வொன்றும் மொத்த ஹெச்பியில் பாதியைத் திருப்பித் தரும். வார்லாக் வகுப்பினரின் ஸ்பெல் ஸ்லாட்டுகளும் அதிலேயே திரும்பிவிடும்.

பாத்திரம் அமைக்கும்போது

இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன், எதையும் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்பதால். முகாமுக்கு வரும் விதர்ஸ் என்ற எலும்புருவுக்கு 100 தங்கக் காசு கொடுத்தால் வகுப்பையும் எண்களையும் முதலிலிருந்து மாற்றித் தருவார்.

திறன் எண்கள் இரட்டைப்படையில்தான் பயன் தரும். 14-க்கும் 15-க்கும் பகடையில் ஒரே +2, 16-இல்தான் +3. டெக்ஸ்டெரிட்டி என்ற சுறுசுறுப்புத் திறனைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். யார் முதலில் என்று முடிவு செய்யும் இனிஷியேட்டிவ் இங்கே 20 முகப் பகடையில் இல்லை, நான்முகப் பகடையில். டெக்ஸ்டெரிட்டி 16 உள்ளவருக்கு ஆகக் குறைந்தது 4 வரும், 10 உள்ளவருக்கு ஆக அதிகமே 4தான். முதல் டர்ன் யாருக்கு என்பது பெரும்பாலும் இங்கேயே முடிவாகிவிடுகிறது. பயிற்சி இல்லாத கவசத்தை மந்திரவாதிக்கு மாட்டினால் அவரால் ஸ்பெல்லே போட முடியாது. லெவல் 5 வருவதற்குள் இரண்டு வகுப்புகளைக் கலக்கவும் வேண்டாம். போர்வீரருக்கு ஒரே ஆக்‌ஷனில் இரண்டாவது அடியும், மந்திரவாதிக்கு ஃபயர்பாலும் வருவது அந்த லெவலில்தான். மூன்றும் இரண்டுமாகப் பிரித்தவருக்கு இரண்டும் கிடைக்காது.

வேறு விளையாட்டில் பழகியதை அப்படியே கொண்டுவருவதும் காலை வாரும். இதே நிறுவனம் 2017-இல் வெளியிட்ட டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2-இல் உடல் தாக்குதலுக்கு ஒரு கவசம், மந்திரத்துக்கு ஒரு கவசம் என்று இரண்டு தனித்தனியாக இருக்கும். பொருத்தமான கவசம் தீரும்வரை ஒருவனை வீழ்த்திப் போடவோ உறைய வைக்கவோ முடியாது. இரண்டையும் பாதிப் பாதி உரித்துவிட்டு எதையும் முடிக்காமல் நிற்பது அங்கே பெரிய தவறு. பால்டர்ஸ் கேட் 3-இல் அப்படி எதையும் உரிக்க வேண்டியதில்லை, முதல் டர்னிலேயே கட்டிப்போடலாம். அங்கே கற்ற பொறுமையை இங்கே காட்டினால் நல்ல ஸ்பெல்கள் பையிலேயே கிடக்கும்.

சண்டை கைநழுவும்போது எஃப்8 அழுத்தி லோடு செய்யக் கை துடிக்கும். அதற்கு முன் திரை ஓரத்தில் காம்பாட் லாக்கை (சண்டைப் பதிவு) திறந்து, தவறிய ஓர் அடியின் மேல் கர்சரை வையுங்கள். பகடையில் என்ன விழுந்தது, எதிரியின் ஆர்மர் கிளாஸ் (அடி பட எட்ட வேண்டிய எண்) எவ்வளவு, டிஸ்அட்வான்டேஜ் எதனால் வந்தது என்று வரிவரியாக இருக்கும். நான் சிலந்தியிடம் தோற்ற அன்று என் வில்லாளியின் கடைசி மூன்று அம்புகளும் தவறியிருந்தன. பகடை சதி செய்கிறது என்றே நினைத்திருந்தேன். லாக்கில் மூன்றுக்கும் ஒரே காரணம்தான் இருந்தது: கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சிலந்திக்குட்டி.