பரங்கிக்காயில் புள்ளிக் கோலம்: ஹாலோவீனுக்கு வீட்டோடு உட்கார்ந்து செய்யலாம்

முகம் வரைந்த பூசணிக்காயை வாசலில் வைப்பது நமக்குப் புதிதில்லை; நம்முடையது திருஷ்டிக்கு, அமெரிக்கா, கனடாவில் அக்டோபர் 31 ஹாலோவீனுக்கு. அங்கே வசிக்கும் குடும்பங்கள் கண், மூக்கு, பல் என்று வெட்டுவதோடு நிற்க வேண்டியதில்லை. பரங்கியில் புள்ளிக் கோலம் போட்டு, புள்ளிகளை மட்டும் துளைத்து உள்ளே விளக்கு வைத்தால் இருட்டில் அழகாக இருக்கும். கத்தி வேலையும் குறைவு.

காய் வாங்கும்போது காம்பைப் பாருங்கள். பச்சையாக, உறுதியாக இருக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் தோலில் பள்ளம் விழக்கூடாது. அடிப்பக்கம் மெத்தென்று இருந்தால் அழுகல் தொடங்கிவிட்டது. தூக்கும்போது காம்பைப் பிடிக்காதீர்கள், ஒடிந்துவிடும். கோலத்துக்கு வரிப்பள்ளம் அதிகமில்லாத, 25 செ.மீ. அகலமுள்ள காய் வசதி.

வரைவது முதலில், குடைவது பிறகு. இதை மாற்றிச் செய்பவர்கள்தான் அதிகம். குடையும்போது கசியும் சாறு தோலில் பட்டால் பெயின்ட் ஒட்டாது. காயை ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காய விடுங்கள். பழைய டவலை வளையமாகச் சுருட்டி அதன்மேல் காயை வைத்தால் உருளாது. பென்சிலால் 1, 3, 5, 3, 1 என்று புள்ளி வையுங்கள், இடைவெளி 3 செ.மீ. ஏழு புள்ளிக்கு ஆசைப்பட வேண்டாம். வளைவில் ஓரப் புள்ளிகள் பக்கவாட்டுக்குப் போய் கோலம் கோணிவிடும். காகிதத்தில் வரைந்து ஒட்டுவதாக இருந்தால் ஓரங்களில் நாலைந்து இடத்தில் வெட்டி விடுங்கள், இல்லாவிட்டால் சுருங்கி மடியும்.

சிக்குக் கோடுகளை வெள்ளை அக்ரிலிக் பெயின்ட் பேனாவால் பிள்ளைகளே இழுக்கலாம். கோடு புள்ளியிலிருந்து ஒரு செ.மீ. தள்ளியே வளைய வேண்டும். தண்ணீரில் கழுவிப் போகும் போஸ்டர் கலர் வேண்டாம், ஒரு மழையில் வழிந்துவிடும். ஒரு மணி நேரம் காய விடுங்கள்.

இனி பெரியவர்கள் வேலை. மேலே மூடி வெட்டாமல், அடியில் 12 செ.மீ. வட்டமாக வெட்டுங்கள். சமையல் கத்தி வழுக்கும். கடையில் பரங்கி வெட்டவே விற்கும் சின்ன ரம்பம் நல்லது. கனமான இரும்புக் கரண்டியால் விதையையும் நாரையும் எடுத்துவிட்டு, கோலம் உள்ள பக்கம் 2 செ.மீ. தடிமன் வரும்வரை சுரண்டுங்கள். அதைவிடத் தடிமனாக விட்டால் வெளிச்சம் நேரெதிரே நிற்பவருக்கு மட்டும்தான் தெரியும். ரொம்ப மெல்லிசானால் இரண்டே நாளில் தொய்யும்.

டிரில்லில் 6 மி.மீ. பிட் போட்டு மெதுவான வேகத்தில் துளையுங்கள். அழுத்த வேண்டாம், அழுத்தினால் உள்பக்கம் பிய்ந்து வரும். துளையில் நார் சிக்கினால் பென்சிலால் தள்ளுங்கள். உதிரும் தூளை உலர்ந்த துணியால் துடையுங்கள்.

உள்ளே எல்இடி விளக்கு போதும், மஞ்சள் வெளிச்சம் இன்னும் எடுப்பு. நிஜ மெழுகுவத்தி காயை உள்ளிருந்தே வேகவைக்கும். அன்று மாலை மிட்டாய் கேட்டு வீடு வீடாக, நீள வேஷ உடை போட்டு வரும் பிள்ளைகளுக்கு ஆபத்தும்கூட.

குடைந்த காய் மூன்று முதல் ஐந்து நாள் தாங்கும், டெக்சாஸ் மாதிரி சூடான ஊர்களில் இன்னும் குறைவு. அதனால் 29-ஆம் தேதிக்கு முன் குடையாதீர்கள். பகலில் உள்ளே எடுத்து வையுங்கள், வெளியில் விட்டால் அணில் கடித்துவிடும். டொராண்டோ பக்கம் இரவு உறைபனி விழுந்தாலும் உள்ளே எடுத்துவிடுங்கள். உறைந்து உருகிய காய் கூழாகிவிடும்.

ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு உள்ளங்கை அளவுக் குட்டிப் பரங்கிகளைக் கொடுத்து ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்கள். வெட்டாத காய் வாரக்கணக்கில் நிற்கும். ஒன்றுக்கு மட்டும் நீலப்பச்சை அடித்து வாசலில் வைத்தால், இங்கே மிட்டாய் தவிர வேறு பரிசும் உண்டு என்று பொருள். உணவு அலர்ஜி உள்ள குழந்தைகளுக்காக 2014 முதல் அமெரிக்காவில் பரவிய வழக்கம் இது. பென்சில், குமிழி ஊதும் டப்பா போன்றவை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்த விதையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஒரு கப்புக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள் பிசிறி, 150 டிகிரி செல்சியஸில் 25 நிமிடம் ஓவனில் வையுங்கள். பாதியில் ஒரு முறை கிளறிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஓரத்து விதைகள் கருகும்.