கிராவல் சைக்கிளுக்கு மாற்று போர்க்: வாங்கும்போது நடக்கும் தவறுகள்

கல், மண் ரோட்டிலும் ஓடும் அகல டயர் சைக்கிள்தான் கிராவல்; அதன் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவைதான் போர்க். பழைய போர்க்கைக் கழற்றி அளக்காமல் புதியதற்குக் காசு கொடுப்பதுதான் முதல் தவறு. கீழே சொல்லும் மற்றவை பெரும்பாலும் அதன் பிள்ளைகள். ஒரு வெர்னியரும் டேப்பும் இருந்தால் அரை மணி நேர வேலை.

பலரும் அளக்க மறப்பது உயரத்தை: சக்கர அச்சின் நடுவிலிருந்து கீழ் பேரிங் உட்காரும் இடம் வரை. கிராவல் போர்க்கில் இது பெரும்பாலும் 385 முதல் 400 மில்லிமீற்றர். டிஸ்க் பிரேக் உள்ள ரோட் சைக்கிளில் 370 அளவில் நிற்கும். 29 அங்குல மவுண்டன் சைக்கிளின் சஸ்பென்ஷன் போர்க் 500ஐத் தொடும். தோட்டத்துக் கல் ரோட்டுக்குச் சொகுசாக இருக்குமே என்று அதை மாட்டுகிறவர்கள் உண்டு. உயரம் 20 மில்லிமீற்றர் கூடினால் முன்கழுத்து (போர்க்கின் குழாய் நுழையும் பிரேமின் முன்பகுதி) ஏறக்குறைய 1 பாகை படுத்துவிடும். 100 கூடினால் 5 பாகை. தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும்போது முன்சக்கரம் பிடிப்பில்லாமல் அலையும், பிரேமின் கழுத்து வெல்டிலும் அளவுக்கு மீறிய இழுப்பு விழும். குட்டையானதைப் போட்டால் வேறு தொல்லை: இறம்பொடை வளைவுகளில் இறங்கும்போது ஹேண்டில் பதறும், பெடல் தரையில் இடிக்கும். 10 மில்லிமீற்றர் வரை பொறுக்கலாம். கிராவலுக்கென்றே வரும் சஸ்பென்ஷன் போர்க்கும் பெரும்பாலும் 420க்கு மேல்தான். பிரேம் செய்தவர் அதை அனுமதித்திருந்தால் மட்டும் வாங்குங்கள்.

அடுத்தது ஸ்டீயரர் குழாய், அதாவது பிரேமின் கழுத்துக்குள் ஏறும் போர்க்கின் குழாய். மேலே 1⅛ அங்குலம் என்பது பொதுவானது, கீழேதான் ஏமாற்றம். கீழ் ரேஸ் (கீழ் பேரிங்கைத் தாங்கும் வளையம்) உட்காரும் இடம் நேர்க்குழாயில் 30 மில்லிமீற்றர், கீழ்நோக்கி விரியும் குழாயில் 39.8. விரிந்த கழுத்துள்ள பிரேமில் நேர்க்குழாயைத் தகுந்த ரேஸ் வைத்துப் பொருத்திவிடலாம். 34 மில்லிமீற்றர் நேர்க்கழுத்தில் விரிந்த குழாய் ஏறவே ஏறாது. பழைய போர்க் வாங்குகிறீர்களா? குழாயை ஏற்கனவே வெட்டியிருப்பார்கள். உங்கள் பிரேமின் கழுத்து (பேரிங் மூடிகளோடு), ஸ்பேசர் (இடைவளையம்), ஸ்டெம் (ஹேண்டிலைப் பிடிக்கும் துண்டு) மூன்றின் உயரத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். குட்டையான குழாயை நீட்ட வழியில்லை.

கார்பன் குழாய்க்குள் ஸ்டார் நட் (உள்ளே அடித்து இறக்கும் நட்சத்திர வடிவ நட்) அடிக்கவே கூடாது. உட்சுவரைக் கீறி வெடிப்பு விடும். விரியும் பிளக்தான் போட வேண்டும்.

பிரேக்கில், கலிப்பரை (டிஸ்க்கைக் கவ்வும் பகுதி) பொருத்தும் முறை பிளாட் மவுண்ட், போஸ்ட் மவுண்ட் என இரண்டு. பிளாட் மவுண்ட் போர்க்கில் போஸ்ட் மவுண்ட் கலிப்பர் நேராகப் பொருந்தாது. நீண்ட இறக்கங்களுக்கு 160 மில்லிமீற்றர் டிஸ்க் நல்லது. 180 வேண்டுமென்றால் போர்க் தாங்கும் உச்ச டிஸ்க் அளவைப் பாருங்கள், மீறினால் போர்க்கின் கால் வெடிக்கலாம். அச்சு 12x100 என்று எழுதியிருந்தாலும் மரையின் இடைவெளி 1.0, 1.5, 1.75 மில்லிமீற்றர் என்று வேறுபடும். பழைய அச்சு முதல் இரண்டு சுற்றில் இறுகினால் நிறுத்துங்கள், பலவந்தம் செய்தால் போர்க்கின் மரை போய்விடும்.

டயர் இடைவெளியை வெயில் நாளில் கணக்குப் பார்க்காதீர்கள். 40 மில்லிமீற்றர் அகல டயருக்கு இரு பக்கமும் 6 மில்லிமீற்றராவது வேண்டும். மழைக்குப் பிறகு தோட்டத்துச் செம்மண் அதை அடைத்துக்கொள்ளும். மட்கார்டுக்குத் துளை உண்டா என்றும் பாருங்கள்.

மாட்டும்போது முதலில் ஸ்டெம்முக்கு மேலுள்ள மேல்மூடியை இறுக்குங்கள், பிறகுதான் ஸ்டெம் போல்ட். முன் பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். கழுத்தில் கடகடவென்றால் ஸ்டெம்மைத் தளர்த்தி மேல்மூடியை இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டும்.