வெள்ளரி விதையை முளைக்க வைப்பது எப்படி? வடசென்னை மாடித் தோட்டத்துக்கு ஒரு செய்முறை

வெள்ளரி விதை அடம்பிடிக்கிற விதை இல்லை. தோல் மெல்லிசு, சூடு என்றால் அதற்குப் பிடிக்கும். நம்மூர் வெக்கையில் மூன்றாம் நாளே மூக்கை நீட்டிவிடும். அப்படியும் பத்து போட்டு இரண்டுதான் வந்தது என்றால், விதையைத் திட்டுவதற்கு முன் ஊற்றிய தண்ணீரைப் பாருங்கள். ஒன்று, அளவுக்கு மேல் ஊற்றியிருப்பீர்கள். இல்லை, உப்புத் தண்ணீரை ஊற்றியிருப்பீர்கள்.

எந்தத் தண்ணீர்

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் எல்லாம் கடலை ஒட்டிய பகுதி. போர் தண்ணீர் பல வீடுகளில் உப்புக் கரிக்கும். மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதில் கடல்நீரே உள்ளே ஏறிய கதை ஊரறிந்தது. உப்பு கூடிய தண்ணீரில் கிடக்கும் விதையால் ஈரத்தை உள்ளே இழுக்க முடியாது. சுற்றிலும் தண்ணீர் இருந்தும் தாகத்தோடு கிடக்கும். முளைத்தாலும் வேர் முனை பழுப்பேறிக் கருகும்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் இருந்தால் அளந்து பாருங்கள். 500க்குள் இருந்தால் நல்லது. 1,500ஐத் தாண்டினால் விதைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். மீட்டர் இல்லையா? நாக்கில் கரிப்புத் தெரிந்தால், அல்லது குழாய் வாயில் வெள்ளையாகப் பொருக்குப் பிடித்திருந்தால், அந்தத் தண்ணீர் வேண்டாம். மெட்ரோ வாட்டரை வாளியில் பிடித்து ஒரு ராத்திரி திறந்து வைத்தால் போதும். மழைநீர், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் இரண்டிலும் உப்பு இல்லை, தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் கழிவுநீர் மட்டும் கூடவே கூடாது. வடித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

எந்த விதை

ராசப்ப செட்டி தெரு நாட்டு மருந்துக் கடைகளில் 'வெள்ளரி விதை' என்று வெள்ளையாகக் கிடைப்பது சாப்பிடுவதற்கு. தோலை உரித்துவிட்டிருப்பார்கள், அதை நம்பி விதைக்க முடியாது. உப்பும் மிளகாய்த்தூளும் தடவி விற்கிற வெள்ளரிப் பிஞ்சிலும் விதை முற்றியிருக்காது.

விதைக் கடையில் பாக்கெட்டாக வாங்குங்கள். சோதனைத் தேதி, முளைப்புத் திறன் இரண்டையும் படியுங்கள். சான்று பெற்ற வெள்ளரி விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத் திறன் 60 சதவீதம்தான். அதாவது பத்தில் ஆறு வந்தாலே கணக்குச் சரி. அதனால் நான்கு செடி வேண்டும் என்றால் எட்டு விதை போடுங்கள்.

விதை ரோஸ், பச்சை, நீலம் என்று சாயம் பூசியதுபோல் இருந்தால் அது பூஞ்சைக் கொல்லி மருந்து. வெறுங்கையால் தொட வேண்டாம், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். ஊற வைக்காமல் நேராக மண்ணில் ஊன்றிவிட வேண்டும். ஊற வைத்தால் மருந்து தண்ணீரோடு போய்விடும். கீழே வரும் ஊறல், துணி மூட்டை எல்லாம் மருந்து பூசாத விதைக்கு மட்டும்.

ஊற வைத்தல்: 4 மணி நேரம், 6க்கு மேல் வேண்டாம்

ஒரு டம்ளரில் கால் பங்கு தண்ணீர். கையில் தொட்டால் வெதுவெதுப்பு தெரியாத சாதாரணத் தண்ணீரே போதும். விதையைப் போட்டு விரலால் ஒரு சுற்று கலக்குங்கள்.

'ராத்திரி முழுக்க ஊறட்டும்' என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படுவது. உளுந்துக்குச் சரி. வெள்ளரிக்கு அது தேவையும் இல்லை, நல்லதும் இல்லை. முளைக்கத் தொடங்கும் விதைக்குக் காற்று வேண்டும். தண்ணீருக்குள் மூழ்கியே கிடந்தால் உள்ளுக்குள் மூச்சு முட்டி, பிறகு வழவழவென்று ஆகி நாறும். பாகல் விதைக்குச் செய்வதுபோல் நுனியை வெட்டுவது, உரசுவது எதுவும் இதற்கு வேண்டாம். உள்ளிருக்கும் பருப்புதான் அடிபடும்.

மிதக்கிற விதை பொக்கு என்று உடனே கொட்டிவிடாதீர்கள். காய்ந்த விதையின் தோலில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தாலும் மிதக்கும். நான்கு மணி நேரம் கழித்தும் மிதப்பதைத் தனியாக எடுத்து வையுங்கள். விரலால் அழுத்தினால் தட்டையாக நசுங்குவது மட்டும்தான் பொக்கு.

விதை நேர்த்தி

வேர் அழுகலைத் தடுக்க, நன்மை செய்யும் நுண்ணுயிர்த் தூளான சூடோமோனாஸ் அல்லது டிரைக்கோடெர்மா விரிடி, இரண்டில் ஒன்று போதும். பண்ணைக் கணக்கு ஒரு கிலோ விதைக்கு சூடோமோனாஸ் 10 கிராம், விரிடி என்றால் 4 கிராம். இருபது விதை ஒரு கிராம்கூட வராது, ஆகவே ஒரு சிட்டிகை தூள் எடுத்துக்கொள்ளுங்கள். ஊறிய விதையை வடித்து, ஆறிய சோற்றுக் கஞ்சி அரை ஸ்பூன் விட்டு, தூளைத் தூவிப் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்துங்கள். முளை விட்ட பிறகு இதைச் செய்யக் கூடாது. புரட்டும்போதே முளை முறிந்துவிடும்.

துணி மூட்டை

பழைய பருத்தி வேட்டித் துணியைக் கைக்குட்டை அளவு கிழித்து, நனைத்து, ஒரு சொட்டும் விழாத வரை பிழியுங்கள். இந்தப் பிழிதலில்தான் பாதி வெற்றி. விதைகளை ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் பரப்பி, மடித்து, ஒரு டிபன் டப்பாவில் வையுங்கள். மூடியை இறுக்க வேண்டாம், சாய்த்து வைத்தால் போதும்.

வெள்ளரிக்குப் பிடித்தது 25 முதல் 32 டிகிரி வரை. சமையலறை அலமாரியே சரியான இடம். மார்கழி, தை ராத்திரிகளில் ஓரிரு நாள் கூடுதலாகப் பிடிக்கும், பதற வேண்டாம். கத்திரி வெயிலில் டப்பாவை மாடியில் வைத்தால் விதை வெந்துவிடும்.

காலையும் மாலையும் திறந்து பாருங்கள். துணி காய்ந்திருந்தால் விரலால் தெளியுங்கள். 36 மணி நேரத்திலிருந்து மூன்று நாளுக்குள் வெள்ளை முனை தெரியும். அரை சென்டிமீட்டர் வந்ததும் நட்டுவிடுங்கள். ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் வேர் துணி இழைக்குள் நுழைந்துவிடும், இழுத்தால் அறுந்துபோகும். ஒரு வாரமாகியும் அசையாத விதையை இனி எதிர்பார்க்க வேண்டியதில்லை.

கப்பில் நடுதல்

வெள்ளரிக்கு வேரைத் தொட்டால் பிடிக்காது. தட்டில் கூட்டமாக முளைக்க வைத்துப் பிடுங்கி நடும் வேலை தக்காளி, கத்தரியோடு இருக்கட்டும். ஒரு விதைக்கு ஒரு பேப்பர் கப். அடியில் ஆணியால் நான்கு ஓட்டை.

தென்னை நார்த்தூள் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. கட்டியாக விற்கும் நார்த்தூளிலும் உப்பு இருக்கும், அதனால் நல்ல தண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்து கொட்டுவதை மூன்று முறையாவது செய்யுங்கள். முதல் தண்ணீர் டிக்காஷன் நிறத்தில் வரும். வேப்பம் புண்ணாக்கை இந்தக் கலவையில் சேர்க்காதீர்கள், அது மக்கும்போது வரும் சூடு இளவேருக்கு ஆகாது. பிறகு செடியை மாற்றும் பெரிய பையில் போட்டுக்கொள்ளலாம்.

ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தில் குழி. முளை கீழ்நோக்கி இருக்கும்படி, விதையின் உடலைப் பிடித்து வையுங்கள், முளையைப் பிடிக்காதீர்கள். மேலே கலவையைத் தூவி மெல்ல அமுக்குங்கள். ரொம்ப மேலாக நட்டால் விதைத்தோல் தொப்பிபோல் இலை மேலேயே மாட்டிக்கொள்ளும். மாட்டினால் தண்ணீர் தொட்டு வைத்து, பத்து நிமிடம் கழித்து மெல்லக் கழற்றுங்கள். காய்ந்த நிலையில் பிய்த்தால் இலையும் சேர்ந்து வரும்.

எலிக்கும் அணிலுக்கும் வெள்ளரி விதை என்றால் உயிர். முதல் நாலு நாள் கப்புகளைப் பிளாஸ்டிக் காய்கறிக் கூடையால் கவிழ்த்து, மேலே ஒரு செங்கல் வையுங்கள்.

தலை தெரிந்த அன்றைக்கே வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். நிழலில் விட்டால் தண்டு நூலாக நீண்டு சாயும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் இளைத்து, நீர்க் கோத்து விழுந்தால் அது நாற்றழுகல். அதிக ஈரத்தால் வருவது. அந்தக் கப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, மற்றவற்றுக்கு மேல் பரப்பு உலர்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள். முதலில் வரும் வித்திலை இரண்டும் மழுங்கலாக இருக்கும். அதன் பின் சொரசொரப்பான நிஜ இலை இரண்டு வந்ததும் கப்பைக் கிழித்து, மண் கட்டி உடையாமல் பெரிய பைக்கு மாற்றுங்கள்.

தை, மாசியும் ஆனி, ஆடியும் இதற்கு நல்ல பட்டம், அதாவது விதைக்கும் பருவம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேண்டாம்.

சொந்த விதை எடுக்க

ஹைப்ரிட் செடியின் விதை தாய் மாதிரி வராது, நாட்டு ரகத்தில் எடுங்கள். ஒரு காயைப் பறிக்காமல் கொடியிலேயே மஞ்சளாகப் பெருத்து முற்ற விடுங்கள். விதையைச் சுற்றிய வழவழப்பு முளைப்பைத் தடுக்கும். அதைக் கரைக்க, சதையோடு வழித்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு ஒன்று, ஒன்றரை நாள் புளிக்க வையுங்கள். நம்மூர்ச் சூட்டில் இதற்கு மேல் விட்டால் உள்ளேயே முளைத்துவிடும். கழுவி, அடியில் தங்கும் விதையை எவர்சில்வர் தட்டில் பரப்பி, ஒரு வாரம் நிழலில் உலர்த்துங்கள். பேப்பரில் உலர்த்தினால் ஒட்டிக்கொள்ளும். வளைத்தால் பட்டென்று ஒடிய வேண்டும், அதுதான் பதம். டப்பா மேல் ரகத்தையும் மாதத்தையும் எழுதி ஒட்டுங்கள். வெள்ளரி விதையும், வெடித்துப் பொடியாகும் வெள்ளரிப் பழத்தின் விதையும் காய்ந்த பிறகு பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.